சென்னைக் கல்லூரிகளின் போதை ஒழிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் குழுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். போன கத்திரி வெயிலில், இரவு இரண்டு மணி வாக்கில், மூன்று பையன்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நடுவில் இருந்தவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தாடை இறுகி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். "வெயில்ல கிரிக்கெட் ஆடினான் சிஸ்டர்" என்றார்கள். இரவு இரண்டு மணிக்கு! உண்மை வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் பயந்தது போலீசுக்குக்கூட இல்லை. "காலேஜ்ல டிசி குடுத்துருவாங்க சிஸ்டர்."

நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அவன் மூக்கில் உறிஞ்சியது மெபட்ரோன் என்ற போதைப் பொடி. மும்பைப் பக்கம் 'மியாவ் மியாவ்' என்பார்கள்.

ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் வெற்றிலை போல வாயில் அடக்கி மெல்லும் காட் இலையில் கேத்தினோன் என்ற ஊக்கப் பொருள் இருக்கிறது. இலை வாடினால் வேகம் போய்விடும் என்பதால் பச்சையாகவே மெல்வார்கள். அந்தக் கேத்தினோனின் ஆய்வகப் பங்காளிதான் மெபட்ரோன். 1929-லேயே செய்துவிட்டார்கள்; நம் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் 2015-ல்தான் ஏறியது.

அமைப்பில் மெபட்ரோன், ஆம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூடுதலாக ஓர் ஆக்சிஜன் ஒட்டியிருப்பதால் மூளைக்குள் அவ்வளவு எளிதாக நுழையாது. அளவு கூட வேண்டியிருக்கிறது. டோபமைன், செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்களைக் கொட்டவைத்துவிட்டு, வந்த வேகத்தில் போதை இறங்கிவிடும். உடனே பொடியில் இன்னொரு கோடு உறிஞ்சுவார்கள், அப்புறம் இன்னொன்று. இதயம் தறிகெட்டு ஓடும், உடல் சூடு ஏறும். சூடு ஏறினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். நண்பர்கள் பாவம், நல்லது என்று நினைத்து லிட்டர் லிட்டராகத் தண்ணீர் புகட்டுவார்கள். ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வந்துவிடும்.

முறிவு மருந்து கிடையாது. பதற்றத்தை அடக்கி, உடம்பைக் குளிர்வித்து, சலைன் ஏற்றுகிறோம். அதற்கு நேரத்தோடு வர வேண்டும், என்ன எடுத்தான் என்றும் தெரிய வேண்டும்.

மாணவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை வைக்கலாம் என்று உங்களில் சிலர் பேசுகிறீர்கள். சரி, வையுங்கள். ஆனால் சாதாரண ஆம்பெட்டமைன் கிட்டில் இந்த மெபட்ரோன் பல நேரம் சிக்காது. 'நெகட்டிவ்' தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். போதை எச்சரிக்கைக்காக நீங்கள் மாட்டும் மண்டையோட்டு பேனர் இருக்கும் இடத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டுங்கள்: நண்பனை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறவன்மீதும், அங்கே சிகிச்சைக்குச் சேர்க்கப்படுகிறவன்மீதும் கல்லூரி நடவடிக்கை எடுக்காது, 108-ஐக் கூப்பிடு, என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல். போதை மீட்பு உதவிக்கு 14446 எண்ணையும் கீழே போடுங்கள். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகும் போதை அடிமைக்குப் போதைப்பொருள் சட்டமே 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது, நிபந்தனைகளோடுதான். கல்லூரி அதைவிடக் கறாராக இருக்க வேண்டுமா?

கையெழுத்து மட்டும் முதல்வருடையதாக இருக்கட்டும். வார்டன் சொன்னார் என்றால் பையன்கள் நம்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
சென்னை