விமானம் எத்தனை, யாருடையது என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் மோனார்க் சார்ட்டர் விமான நிறுவனத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எந்த வருஷம் எந்த விமானம் வந்தது என்று வரிசையாக எழுதிவிட்டு, ஏன் அந்த விமானம், கடைசியில் ஏன் மூடினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். பெருந்துறையில் டூரிஸ்ட் பஸ் வைத்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு அதுதானே வேண்டும்?

ரூட் பஸ்காரர் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். நாங்கள் மொத்த வண்டியையும் பேசி முடித்து அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் டீசலே போடுவோம். சார்ட்டர் விமானமும் இதே கணக்குதான். டூர் கம்பெனி விமானத்தின் சீட்டுகளை மொத்தமாகப் பேசிவிடும், ஓட்டல் வாடகையோடு சேர்த்து விற்றுக்கொள்ளும், நாலு சீட்டு காலியாகப் போனால் அந்த நஷ்டம் முதலில் டூர் கம்பெனி தலையில்தான் விழும்.

மோனார்க் 1968 ஏப்ரலில் லண்டன் பக்கத்து லூட்டன் விமான நிலையத்திலிருந்து மாட்ரிட்டுக்கு முதல் விமானத்தை விட்டபோது கையில் இருந்தவை இன்னொரு கம்பெனி ஓட்டிக் கழித்த பிரிட்டானியா விமானங்கள். நான்கு புரொப்பெல்லர் வைத்தவை. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஜெட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம், அதனால் பழசு மலிவாகக் கிடைத்தது. அப்புறம் 1971ல் வாங்கிய போயிங் 720பி ஜெட்டுகளும் செகண்ட் ஹேண்ட்தான். வாங்கின கடன் குறைவு என்றால் வண்டி ரெண்டு மாசம் சும்மா நின்றாலும் தாங்கலாம். இந்தத் தொழிலில் நிற்கிற மாசங்கள் நிச்சயம் உண்டு, ஏனென்றால் ஐரோப்பாவில் கோடையில் இடமில்லாமல் பறக்கிற விமானம் குளிர்காலத்தில் ஆள் தேடும், அப்போது வேறு நாட்டுக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டுத்தான் பல சார்ட்டர் நிறுவனங்கள் பிழைத்தன. 1983ல் போயிங் 757, 1990ல் 350 பேருக்கு மேல் ஏறுகிற ஏர்பஸ் ஏ300 என்று மோனார்க் புதிய, பெரிய விமானங்களுக்குப் போனது பல வருஷம் காலூன்றிய பிறகுதான்.

அவசரப்பட்டவர்கள் கதை அதே லூட்டனில் இருக்கிறது. கோர்ட் லைன் என்ற சார்ட்டர் கம்பெனி 1973ல் பிரம்மாண்டமான ட்ரைஸ்டார் விமானங்களை இறக்கியது. அந்த வருஷமே எண்ணெய் விலை எகிறியது, டூர் வியாபாரம் படுத்தது, 1974 ஆகஸ்டில், அதாவது சீசன் நடுவில், கம்பெனி இழுத்து மூடப்பட்டது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

மோனார்க் 49 வருஷம் தாக்குப்பிடித்தது. ஆனால் ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனிகள் வந்து மக்கள் டிக்கெட்டைத் தனியாக, ஓட்டலைத் தனியாகப் போட ஆரம்பித்ததும் இவர்களும் சார்ட்டரை அறவே விட்டுவிட்டு ரூட் விமானம் ஓட்ட இறங்கினார்கள். எகிப்து, துனிசியா, துருக்கி எல்லாம் பயங்கரவாதத் தாக்குதலால் ஆள் வராமல் போக, எல்லோரும் ஸ்பெயின் பக்கம் திரும்பி அங்கே கட்டணத்தை அடித்துக் குறைத்தார்கள். 2017 அக்டோபர் 2 அன்று கடையைச் சாத்தியபோது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 1,10,000 பேர். அவர்களைக் கூட்டிவர இங்கிலாந்து அரசு என்ன செய்தது தெரியுமா, வேறு கம்பெனிகளிடம் விமானங்களைச் சார்ட்டர் எடுத்தது!

சரி, வெள்ளைக்காரர் கதை இருக்கட்டும். நம் கோவையிலேயே ஏர் கார்னிவல் என்று ஒரு கம்பெனி 2016 ஜூலையில் தொடங்கியது. பின்பக்கக் கதவில் ஏறி, பைகளை முன்பக்கம் ஏற்றுகிற ஏடிஆர் 72 விமானம். எழுபது சொச்சம் சீட்டு. அதுவும் ஒன்றே ஒன்று. என் பஸ் வழியில் நின்றால் பக்கத்து ஊர்க்காரரிடம் வண்டி கேட்டு அரை மணியில் ஆட்களை மாற்றி ஏற்றிவிடுவேன். ஒரே விமானத்தை வைத்து ரூட் ஓட்டுகிறவர் காலையில் ஒரு கோளாறு என்றால் அன்றைக்கு முழுக்க அத்தனை ட்ரிப்பையும் ரத்து செய்ய வேண்டியதுதான். 2017லேயே அந்தச் சேவை நின்றுபோனது. அதற்கு முன்னால் 2005ல் வந்த பாரமவுண்ட் என்ற விமானக் கம்பெனி எம்ப்ரேயர் ஜெட்டுகளை வைத்து நன்றாகத்தான் ஓட்டியது. ஆனால் விமானம் லீசுக்கு எடுத்தது, லீஸ்காரர்களோடு தகராறு முற்றி 2010ல் நின்றது.

தொடக்க விழாவுக்கு மாலை, குத்துவிளக்கு, அமைச்சர் படம் என்று எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடுகிறது. விமானம் எத்தனை, சொந்தமா லீசா, ஒன்று படுத்தால் மாற்று உண்டா என்று ஒரு நிருபராவது கேட்கலாம் அல்லவா.

எனக்கென்னவோ நம் பக்கத்துக்கு ரூட் விமானத்தை விட சார்ட்டர்தான் பொருந்தும் என்று படுகிறது. 2022 ஜூனில் ஒரு தனியார் கம்பெனி மொத்த ரயிலையும் வாடகைக்கு எடுத்து கோவை வடக்கிலிருந்து ஷீரடிக்கு விட்டது, பாரத் கௌரவ் திட்டத்தில் நாட்டிலேயே முதல் ரயில் அதுதான். காசி, கயா என்று குடும்பத்தோடு கிளம்புகிற கூட்டம் ஈரோடு, திருப்பூர், கோபி பக்கம் எவ்வளவு என்பது எங்களைப் போன்ற பஸ்காரர்களுக்குத் தெரியும். அதில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் வலி, ரெண்டு நாள் வண்டியில் உட்கார முடிவதில்லை. அட்வான்ஸ் வாங்கி, ஆள் சேர்ந்த பிறகு மாசத்துக்கு ரெண்டு விமானம் பீளமேடு, அதாவது கோவை விமான நிலையத்திலிருந்து எடுத்தால் போதுங்க. அதற்கு யாரும் புதிதாகக் கம்பெனி தொடங்க வேண்டியதில்லை, இருக்கிற கம்பெனியின் சும்மா நிற்கிற விமானத்தைப் பேசலாம்.

இன்னொன்று. கட்டுரையில் போயிங் 720பி என்று குறிப்புப் போட்ட படத்தில் நான்கு புரொப்பெல்லர் பளிச்சென்று தெரிகிறது. அது பிரிட்டானியா. வருகிற ஞாயிறு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டூரிஸ்ட் பஸ் உரிமையாளர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.