குழுப் படத்தோடு முடிகிற வழிகாட்டுதல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்நிலை வகுப்பு மாணவர்களை வேலைக்குத் தயார்படுத்துவது பற்றிய தங்கள் தலையங்கம் நன்று. ஆனால் பல பள்ளிகளில் இது ஒருநாள் கூத்தாகவே முடிகிறது. மேடையில் ஒரு பேச்சாளர், கையில் ஒரு துண்டுப் பிரசுரம், அப்புறம் குழுப் படம்.

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். அதற்கு முன்பே சில நாள் பட்டறையிலோ அலுவலகத்திலோ இருந்து பார்க்கலாம். சேர்ந்த பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, மீதி நாள் வகுப்பு, சம்பளமும் உண்டு. பிறகு பட்டம் படிக்க நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. தொழிற்பிரிவு என்றாலே மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்ற இளக்காரம் அங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம் என நினைக்கிறேன்.

சரி, பயிற்சிக்கு அனுப்பினால் மட்டும் போதுமா? 16 வயதுப் பிள்ளையை நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுக்க வைத்தால் அது பயிற்சி அல்ல, கூலியில்லா எடுபிடி வேலை. கற்றுத்தர ஒரு மூத்த ஊழியரைப் பொறுப்பாக்க வேண்டும். மாணவர் எழுதும் அன்றாடக் குறிப்பைப் பள்ளி ஆசிரியர் படிக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்கிற நிறுவனத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்