உங்கள் மென்பொருள் லைப்ரரிக்கு எந்த லைசென்ஸ்? எழுத்தில் பதில் வேண்டும்

வாடிக்கையாளர் சேவை மேலாளருக்கு,

வணக்கம். சப்போர்ட்டுக்குப் பணம் கட்டியவன் எழுதுகிறேன். டிக்கெட் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. உங்கள் லைப்ரரி ஜிபிஎல்லில் வருகிறது, அதாவது அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருள் முழுவதும் அதே லைசென்ஸில் வர வேண்டும் என்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில். அதன் ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பில் 'ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று இருக்கிறது, சோர்ஸ் கோப்புகளின் தலையில் இருக்கும் ஹெட்டர் அறிவிப்பில் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இருக்கிறது. இரண்டில் எது? கேட்டது இவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் மென்பொருள் உங்கள் லைப்ரரியோடு, குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 லைப்ரரியையும் சேர்த்து ஒரே பைனரியாக, அதாவது ஒரே இயங்கு கோப்பாக, வெளிவருகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைசென்ஸ் அப்பாச்சி 2.0. அதன் காப்புரிமை (பேட்டன்ட்) நிபந்தனைகள் ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகாது, 2007-இல் வந்த ஜிபிஎல் 3-உடன் ஒத்துப்போகும். 'பிந்தையது' என்றால் 3-ஐ எடுத்துக்கொண்டு நாளைக்கே ரிலீஸ் செய்வோம். 'மட்டும்' என்றால் எங்கள் மொத்த உழைப்பும் குப்பைக்குத்தான், ப்ராஜெக்ட்டையே இழுத்து மூட வேண்டும்.

சப்போர்ட் சட்டப் பிரிவைக் கேட்கச் சொன்னது, சட்டப் பிரிவு டெவலப்பர்களைக் கைகாட்டியது, அவர்கள் டிக்கெட்டை 'தீர்ந்தது' என்று மூடிவிட்டார்கள். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். கடைசியாகப் போனில் பேசினாரே ஒருவர், "ரெண்டுமே இலவசம்தானே சார், அந்த ஹெட்டரை அழிச்சிட்டுப் போங்க, யாரு பார்க்கப் போறா" என்று! பதிப்புரிமை அறிவிப்பை அழிக்கச் சொல்வது அந்தப் பதிப்புரிமையை வைத்திருக்கும் கம்பெனி. நாளைக்கு உங்கள் வக்கீலே எனக்கு நோட்டீஸ் அனுப்பினால் அந்த மனிதர் வந்து சாட்சி சொல்வாரா? இதையே எழுதிக் கொடுங்கள் என்றேன், போனை வைத்துவிட்டார்.

இதற்கிடையில் எங்கள் லைசென்ஸ் ஸ்கேனர் ஒவ்வொரு பில்டிலும் சிவப்பு காட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் நீங்கள் யாரிடமும் சம்மதம் கேட்டு அலைய வேண்டியதில்லை. பேட்ச், அதாவது கோடில் திருத்தம், அனுப்புகிற எல்லோரிடமும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள், என்னிடமும் வாங்கினீர்கள். அதற்கு மட்டும் ஆள் உடனே வந்தார்! ஹெட்டரில் 'மட்டும்' என்பதை மாற்றுங்கள். மனமில்லையென்றால் ஓப்பன்எஸ்எஸ்எல்லுடன் இணைக்க விதிவிலக்கு தந்து ஒரு பத்தி சேருங்கள், எத்தனையோ ஜிபிஎல் ப்ராஜெக்ட்டுகள் செய்ததுதான்.

தயவுசெய்து விஷயம் தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள். அவகாசம் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். சத்தமே இல்லாமல் இருந்தால் இந்த வாரம் முடிந்ததும் டிக்கெட்டில் நடந்த உரையாடல் முழுவதையும் பொதுவில் போடுவேன், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் புகாரும் கொடுப்பேன். பதில் மின்னஞ்சலில் வரட்டும், போனில் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இன்று வரை)