மனச்சோர்வுள்ளவரை உபவாசத்துக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை, கொழும்பின் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஒருவர் பல வாரமாக முகம் வாடி, பேச்சுக் குறைந்து, ஆராதனைக்கும் வராமல் இருந்தால் அவருக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை, "மூன்று நாள் உபவாசம் இருங்கள்" என்பது. அடுத்தது முழு இரவு ஜெபம். அதற்கும் சரிவராவிட்டால் சாபமா, கட்டா, செய்வினையா என்ற விசாரணை. எல்லாம் அன்போடுதான் நடக்கிறது. ஆனால் இந்த மூன்றுமே மனச்சோர்வு நோயைக் கூட்டிவிடக்கூடியவை. சபைகளில் ஆலோசனைப் பணி செய்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

நம் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "யோசினை கூடிப்போச்சு", "ஒண்டும் செய்ய ஏலாமக் கிடக்கு" என்பார்கள். தலையிடி, வயிற்றெரிவு என்று வைத்தியரிடம் போவார்கள். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்று வந்ததும், "சும்மா நடிக்கிறாள்" என்று வீட்டில் பேச்சு வரும். ஆண்களில் இந்த நோய் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவதால் அதை நோயென்றே யாரும் நினைப்பதில்லை.

வைத்தியர்கள் பார்க்கும் அளவுகோல் சிக்கலானதல்ல. துக்கம் அல்லது வெறுமை, முன்பு விரும்பியவற்றில் நாட்டமில்லாமை, இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்கவேண்டும். மற்றவை: நித்திரைக் கோளாறு, பசியில் அல்லது எடையில் மாற்றம், தீராத களைப்பு, அசைவு மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, மனம் ஒன்றில் நிற்காமை, தான் பயனற்றவர் என்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைவு. இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து ஏறக்குறைய எல்லா நாளும் 2 வாரம் தொடர்ந்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் வைத்தியரிடம் போகவேண்டும். சாவின் நினைவு வந்துவிட்டால் 2 வாரம் பார்த்திருக்கக்கூடாது.

சபைக்குள் இந்த அறிகுறிகள் வேறு பெயரில் உலாவுகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு விழித்து, பிறகு நித்திரை வராமல் கிடப்பதும், காலையில் மிக மோசமாக இருந்து மாலையில் சற்று இலேசாவதும் கடும் மனச்சோர்வில் அடிக்கடி காணப்படுபவை. ஞாயிறு காலை ஆராதனைக்கு வரமுடியாதவர் மாலைக் கூட்டத்தில் வந்து உட்காரக்கூடும். அதைப் பார்த்துவிட்டு "பின்வாங்கிப்போனார்" என்கிறோம். வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தை நாலு தரம் வாசித்தும் மனதில் நிற்காது. அதை "தாகம் குறைந்துவிட்டது" என்கிறோம். கேட்கிறவர் ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருக்கிறார். நாம் இன்னுமொரு கல்லைத் தூக்கிவைக்கிறோம்.

குற்றவுணர்வைப் பற்றித்தான் போதகர்களும் குருமாரும் மிகக் கவனமாக இருக்கவேண்டும். மனந்திரும்புதலில் வரும் துக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு: இன்ன நாளில், இன்னாருக்கு, இன்னதைச் செய்தேன். அறிக்கையிட்டு, மன்னிப்புப் பெற்று, ஈடுசெய்யக்கூடியதை ஈடுசெய்தால் பாரம் குறையும். நோயினால் வரும் குற்றவுணர்வு அப்படி அடங்காது. இருபது வருடத்துக்கு முந்திய சிறு பொய்யை இன்று அறிக்கையிடுவார், நாளை மறுபடியும் அதையே சொல்வார், அது ஓய்ந்தால் இன்னொன்றைத் தேடி எடுப்பார். "பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பாவஞ்செய்துவிட்டேன், எனக்கு மன்னிப்பே இல்லை" என்ற பயம் இந்த நோயில் அடிக்கடி வருவது. மூன்றாவது முறையும் அதே பாவத்தை ஒருவர் அறிக்கையிட வந்தால், இன்னுமொரு பிரசங்கம் செய்யாமல் அவருடைய நித்திரையையும் சாப்பாட்டையும் பற்றிக் கேளுங்கள்.

உபவாசம் ஏன் கெடுதல்? பசி கெட்டு எடை குறைந்துகொண்டிருக்கும் உடம்புக்கு அது இன்னும் பட்டினி. மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியம் குளிசை எடுப்பவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். முழு இரவு ஜெபத்தின் ஆபத்து வேறு விதமானது. மனச்சோர்வும் மிகையுற்சாகமும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் உள்ளவருக்கு ஒரே இரவு நித்திரை கெட்டாலும் மிகையுற்சாகம் கிளம்பலாம். இரண்டு மணித்தியாலம் மட்டும் நித்திரை, நிற்காத பேச்சு, கையிலுள்ள பணத்தையெல்லாம் அள்ளிக்கொடுத்தல் என்று வரும்போது சபை அதை அபிஷேகம் என்று எண்ணிவிடுவதுண்டு. பிசாசு துரத்தும் ஜெபம் நோயாளியின் பயத்தைக் கூட்டுகிறது. அது பலிக்காதபோது பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டு பேருமில்லை என்பதே இயேசுவின் பதில்.

வேதத்தில் எலியாவின் கதையை, 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தை, எடுத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும்" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான்: தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். அதற்கும் கண்டிப்பில்லை, இரண்டாவது தரமும் சாப்பாடு. அவர் நாற்பது நாள் ஓரேப் மட்டும் நடந்தது அந்தப் போஜனத்தின் பலத்தில். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. கடைசியில் எலிசா என்ற துணை கிடைக்கிறார். நித்திரை, சாப்பாடு, பேச்சு, துணை என்ற இந்த ஒழுங்கைச் சபைகள் அப்படியே பின்பற்றலாம்.

மருந்தைப் பற்றி. மனச்சோர்வுக் குளிசை பனடோல் மாதிரி அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டல், தலையிடி, படபடப்பு வரலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். பலனுக்கு முன்பே தொந்தரவு வருவதால்தான் பலர் பத்தாம் நாளில் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும். இந்த இடத்தில்தான் சாட்சி சொல்லும் மேடை உயிராபத்தாக மாறுகிறது. "கர்த்தர் சுகம் தந்தார், குளிசையை வீசிவிட்டேன்" என்று ஒருவர் சொல்ல, சபை கைதட்டுகிறது. திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் தலைச்சுற்று, மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, பயங்கரக் கனவு, அழுகை வரலாம். அதைச் சத்துருவின் தாக்குதல் என்று விளக்கிவிடுகிறார்கள். இந்தக் குளிசைகளுக்கு உடம்பு போதைப்பொருளுக்குப்போல் அடிமையாவதில்லை. ஆனால் வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்ட தேவன், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் செய்தார். பவுலோடு பயணம் போனவர்களில் லூக்கா ஒரு வைத்தியர்.

வீடு சந்திக்கப் போகிறவர்கள் இரண்டு பேராகப் போங்கள், ஒவ்வொரு வாரமும் அதே இரண்டு பேர். இருபது நிமிடம் போதும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாய் திறந்ததும் எல்லாம் கெட்டது. இடியப்பமும் சொதியும் கொண்டுபோனால், வைத்துவிட்டு வராமல் கூட இருந்து சாப்பிடுங்கள். ஜெபிக்க வார்த்தை வராதவருக்கு 13 ஆம் சங்கீதத்தை வாசித்துவிடுங்கள்; ஆறே வசனம். அதுவும் அதிகமென்றால் 88 ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். வெளிச்சம் வரும்முன்பே அந்த ஜெபமும் வேதத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் வெள்ளவத்தைக் கடற்கரையில் பத்து நிமிடம் கூடவே நடவுங்கள். அடுத்த வாரம் பதினைந்து. மனம் வந்த பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வராது. நடக்க நடக்கத்தான் வரும். ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: வட்ஸ்அப் ஜெபக்குழுவில் அவர் பெயரையும் நோயையும் போடாதீர்கள்.

சாகும் எண்ணம் இருக்கிறதா என்பதை நேரடியாகக் கேளுங்கள். "சாகவேணும் எண்டு நினைப்பு வருதா?" என்று கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகாது. வருகிறது என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேட்கவேண்டும். திட்டம் இருந்தால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிநாசினியையும் பூட்டி வையுங்கள் அல்லது அப்புறப்படுத்துங்கள். 1995 அளவில் உச்சத்திலிருந்த இலங்கையின் தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் பாதியளவுக்கு இறங்கியதற்கு, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். கைக்கெட்டாமல் செய்வது உயிரைக் காப்பாற்றுகிறது. பொலிஸ் வழக்கு வருமென்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. "நேரே நரகம்" என்ற பிரசங்கமும் வேண்டாம். அதைக் கேட்டவர் எண்ணத்தை விடுவதில்லை, வெளியே சொல்வதைத்தான் விடுகிறார். உளப்பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும்.

வைத்தியசாலைக்குப் போவதென்றால் பலருக்கு "அங்கொடை" என்ற சொல்லே வசவாகக் கேட்கிறது. அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்துக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இயங்குகிறது. அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் பையோடு கொண்டுபோங்கள். தைரொயிட் குறைபாடும் இரத்தசோகையும் இதேபோன்ற சோர்வைத் தரும் என்பதால் அந்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். எப்போதாவது மிகையுற்சாகம் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது மருந்தையே மாற்றும். சிங்களம் கதைக்க நன்றாகத் தெரிந்த ஒரு சபையார் கூடப் போனால் பாதிச் சுமை இறங்கும்.

மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990. ஞாயிறு தோறும் கையில் கொடுக்கும் சபை அறிவிப்புத்தாளில், உபவாச ஜெப நேரத்துக்குக் கீழே இந்த இரண்டு இலக்கங்களையும் அச்சிடும்படி போதகர்களையும் பங்குத்தந்தையரையும் கேட்டுக்கொள்கிறோம்.

சபை ஆலோசனைப் பணியாளர்கள்,
கொழும்பு 06.