பல்லில் படிந்த கறைக்கு எந்த நிலைத் தடுப்பு?

சமுதாய சுகாதார செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், செவிலியர் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவோருக்கும், வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருகிறார்கள். சிலர் அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் தேர்வுக்கும், சிலர் வளைகுடா நாடுகளுக்கான பிரோமெட்ரிக் தேர்வுக்கும், ஒருத்தி அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்கும் தயாராகிறார்கள். மருந்தியலையும் அறுவை சிகிச்சை செவிலியத்தையும் மாதக்கணக்கில் புரட்டுகிற இவர்கள், சமுதாய சுகாதாரத்தை மட்டும் கடைசிப் பத்து நாள்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்தால் போதும் என்று வகுப்பில் சொன்னார்களாம். அப்படிச் சொன்னவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு; அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறன்று, நோய்க்கண்டறியும் முகாம் எந்த நிலைத் தடுப்பு என்று கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள் "செகண்டரி, மேடம்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. தடுப்பூசி என்றேன், பிரைமரி. பிசியோதெரபி என்றேன், டெர்ஷியரி. நோய் வராமலே காப்பது முதல் நிலை (பிரைமரி), வந்ததைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது இரண்டாம் நிலை (செகண்டரி), முற்றிய பின் பாதிப்பைக் குறைப்பது மூன்றாம் நிலை (டெர்ஷியரி) என்பது பாடம். இந்த நிலைகளை விளக்கிய லீவெல், கிளார்க் இருவரின் பெயரையும் ஒரு பெண் கூடுதலாகவே சொன்னாள். அப்போது எதிர்வீட்டுச் சிறுவன் சைக்கிளோடு வாசலில் நின்று சிரித்தான். அவன் முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை படிந்திருந்தது. "இவன் பல்லுக்கு எந்த நிலைத் தடுப்பு?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அவர்களில் இருவருக்கே அதே கறை இருந்தது.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பிறந்த யாருக்கும் புளோரோசிஸை, அதாவது குடிநீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவதை, விளக்க வேண்டியதில்லை. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருந்ததால்தான், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பல்லின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே கெடுதல் நடந்து முடிந்துவிடுகிறது. நிரந்தரப் பல் முளைத்து வெளியே தெரியும்போது அதை மாற்ற மருந்து கிடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும் என்பதைச் செவிலியராகப் போகிறவளாவது தெரிந்திருக்க வேண்டாமா?

என் கேள்விக்கான விடைக்கு வருகிறேன். அந்தச் சிறுவனின் பல்லைப் பொறுத்தவரை காலம் கடந்துவிட்டது. கறையை மறைக்கப் பல் மருத்துவர் செய்வது மூன்றாம் நிலை. அவனுடைய எலும்பைப் பொறுத்தவரை காலம் கடக்கவில்லை. இப்போதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினால், பின்னாளில் முதுகு விறைத்து மூட்டு மடங்காமல் போவதைத் தவிர்க்க முடியும். அந்தக் கறையை அடையாளமாகக் கொண்டு அவனைக் கண்டுபிடித்தது இரண்டாம் நிலை. அவன் தங்கைக்கு அப்போது வயது ஒன்றரை, அதே வீட்டுக் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அண்ணனின் பல் ஓர் எச்சரிக்கை, நாம் செய்யப்போவது முதல் நிலை. ஒரே வீட்டில், ஒரே தண்ணீர்க் குடத்தின் முன் மூன்று நிலைகளும் நிற்கின்றன. எந்தச் செயலையும் தனியே எடுத்து அதன் நெற்றியில் நிலையை எழுதிவிட முடியாது என்பதையே நான் உங்களிடம் வலியுறுத்துகிறேன். யாருக்காக, எந்த நோயை, அதன் போக்கில் எந்தக் கட்டத்தில் தடுக்கிறோம் என்று கேட்ட பிறகுதான் நிலை தெரியவரும். இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரத்தக் கொதிப்பைக் கண்டுபிடிப்பது என்ற வகையில் அது இரண்டாம் நிலை; பக்கவாதம் வராமல் காப்பது என்ற வகையில் முதல் நிலை. பயிற்சிப் புத்தகத்தில் அச்சிட்ட ஒற்றைச் சொல் விடையை மட்டும் படித்த பெண், கேள்வியில் நோயின் பெயரை மாற்றியவுடன் தடுமாறுகிறாள்.

ஆதிநிலைத் தடுப்பு என்ற ஒன்றையும் "ஆபத்துக் காரணிகளே உருவாகாமல் தடுப்பது" என்று ஒரு மதிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறீர்கள். குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத இந்த இரு மாவட்டங்களில், ஒரு பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் நிறுத்திவைப்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? கேழ்வரகும் அப்படித்தான். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் எங்கள் மண்ணின் சாப்பாடு. உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் புளோரைடு உடலில் சேர்வது குறையும். களி கிண்டிய அடுப்புகள் ரேஷன் அரிசிக்கு மாறிய பிறகு, 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இது உணவுத் துறையின் செய்தி என்று நம் பாடத்துக்கு வெளியே வைத்துவிட்டோம்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்ததால் கதை முடிந்துவிடவில்லை. குழாயில் தண்ணீர் தினமும் வராத தெருவில் அது வரும் நாளில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைக்கிறார்கள். பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் நீல நிற டிரம்மின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். சேலையை விலக்கி டார்ச் அடித்தபோது, மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் வெளிச்சம் பட்டவுடன் நெளிந்து கீழே இறங்கின. "காவிரித் தண்ணிங்க நர்சம்மா, நல்ல தண்ணி, கொட்டச் சொல்லாதீங்க" என்று அந்த அம்மா பதறினார். அவர் பதறியது நியாயம். அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னவர்களே நாங்கள்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குதான். முட்டை சுவரில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை மட்டும் மாற்றினால் பயனில்லை. புழுங்கிய மனத்தோடு அந்த அம்மா தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினார். கொசுப்புழு எவ்வளவு என்று அளக்கும் வீட்டுக் குறியீடு, கொள்கலக் குறியீடு, ப்ரெட்டோ குறியீடு ஆகியவற்றின் சூத்திரங்களை ஒப்பிக்கும் மாணவியிடம், இந்த அம்மாவிடம் முதல் வாக்கியமாக என்ன சொல்வாய் என்று உங்கள் வினாத்தாள் இதுவரை கேட்டதுண்டா?

தடுப்பூசிப் பாடத்திலும் இதே குறையைக் காண்கிறேன். தடுப்பு மருந்தைக் குளிரில் காக்கும் குளிர்ச்சங்கிலி 2 முதல் 8 டிகிரி வரை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்து எடுத்துச் செல்லும் கேரியரில் அடுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் திகைக்கிறார்கள். மேசைமேல் பரப்பி, மேலே படிந்த வெண்பனி கரைந்து வியர்க்கும் வரை காத்திருந்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் நான்கையும் கேரியருக்குள் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஐந்து நோய்களுக்கான பென்டா தடுப்பு மருந்து உறைந்து வீரியம் இழந்துவிடும். குப்பியின் மேலுள்ள வெப்ப அடையாளத்தில் உட்சதுரம் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் அது வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. நன்றாக இருக்கிறது என்று நம்பிப் போட்டுவிடுவோம். பதிவேட்டில் அந்தக் குழந்தைக்கு மூன்று தவணையும் முடிந்திருக்கும். உடலில் பாதுகாப்பு இருக்காது. இந்தச் சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பியையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் வண்டல் சீக்கிரம் படிகிறது என்று பார்த்த மாணவி ஒருத்தியையாவது நீங்கள் அனுப்பியிருக்கிறீர்களா என்பதே என் கேள்வி.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது என்ற தகவலைப் பொது அறிவாகப் படிக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரையும் கொடுக்கத் தொடங்கிய ஊரில், அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் நோய் பரவிவிட்டது என்று பொருளா? முன்பே இருந்து தெரியாமல் இருந்தவர்கள் கணக்கில் வருகிறார்கள். மாத்திரை ஒழுங்காகக் கிடைப்பதால் நோயோடு நீண்ட நாள் வாழ்கிறார்கள். இருக்கும் நோயாளிகளின் விகிதம் (பிரிவலென்ஸ்) உயரும். புதிதாக நோய்வாய்ப்படுவோரின் விகிதம் (இன்சிடென்ஸ்) அதனால் உயர்ந்துவிடுவதில்லை. இன்சிடென்ஸ், பிரிவலென்ஸ் இரண்டையும் இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுத் தேர்வுக்கு இந்த உள்ளூர்க் கதைகள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பிறந்தவுடன் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நம் பெண்களுக்கு, பி.சி.ஜி. வழக்கத்தில் இல்லாத அமெரிக்காவில் காசநோய்த் தொற்றுக்கான தோல் சோதனையான மாண்டூ சோதனை செய்தால் தடிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும், தடிப்பு வந்தாலே காசநோய் என்று பொருளில்லை, தொற்று உண்டா என்பதையே அது சுட்டுகிறது, பி.சி.ஜி. போட்டவர்களுக்கு அதன் பாதிப்பில்லாத இரத்தப் பரிசோதனை ஏற்றது. தன் தோளிலுள்ள தழும்பிலிருந்து தொடங்கிப் படித்த பெண் இதை மறக்கமாட்டாள். என்கிளெக்ஸ் தேர்வே 2023 ஏப்ரல் முதல் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, எதைக் கவனித்தாய், எதை முதலில் செய்வாய் என்று தொடர்ந்து கேட்கும் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. நாம் இன்னும் ஆரம்ப சுகாதாரம் பற்றிய அல்மா-ஆட்டா மாநாடு நடந்த ஆண்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். (1978, அதையும் தெரிந்துகொள்ளட்டும், தவறில்லை.)

களப்பயிற்சியைப் பற்றி எழுதாமல் விட்டால் என் மனசாட்சி ஒப்பாது. நான் பணியில் இருந்த காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சிப் பள்ளி நாற்பது மாணவிகளை வேனில் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்தது. பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுத்தார்கள், டீ குடித்தார்கள், இரண்டு வாரக் களப்பணி முடிந்ததாக எழுதப்பட்ட பதிவேடுகளை என் முன் அடுக்கினார்கள். பிள்ளைகளின் தேர்வு நின்றுவிடுமே என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்த மடலில் உங்களைக் குற்றம் சாட்டும் தொனி வந்துவிடக்கூடாது என்று பலமுறை அடித்துத் திருத்தினேன்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. வினாத்தாள் தயாரிப்போர், தடுப்பு நிலைகள் பற்றிய ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு மனிதரையும் ஒரு வீட்டையும் வைத்துக் கேளுங்கள். அஞ்செட்டி, தளி பக்கத்தில் கன்னடமோ தெலுங்கோ பேசும் தாய்க்குத் தமிழில் சுகாதாரக் கல்வி கொடுத்த செவிலியர், தாய் தலையாட்டியதைப் புரிதல் என்று குறித்துக்கொண்டது சரியா என்று கேளுங்கள். சொன்னதைத் திரும்பச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்ற விடை தானாக வரும். பயிற்சி வகுப்பு நடத்துவோர் தங்கள் மாவட்டத்து நிகழ்வுகளைத் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இரண்டு நோட்டு நிறைய இருக்கிறது, கேட்கும் பள்ளிக்கு நகல் எடுத்துத் தருகிறேன். கல்லூரி ஆசிரியர்கள், தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒரே ஒரு புதன்கிழமை வகுப்பைத் துணை சுகாதார நிலையத்தில் நடத்துங்கள். நாற்பது பேரை வேனில் ஏற்ற வேண்டாம், நான்கு நான்கு பேராக அனுப்புங்கள். தாய்மார்கள் வந்த பிறகு போனால் கூட்டம்தான் தெரியும். அதற்கு முன்பே, ஐஸ் பேக் மேசைமேல் வியர்க்கத் தொடங்கும் நேரத்தில் அவர்கள் அங்கே இருக்கட்டும். எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்