முருகைக்கல் அனுப்பாதே

மாதுங்கா, மும்பை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மழைக்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியின் முட்டிவலி குறைந்ததா என்று எழுது.

இன்று அவசரமாக எழுதுவதற்கு எட்வின் போனில் சொன்ன செய்திதான் காரணம். என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பவளமே இல்லாமல் மொட்டையாக இருக்கிறதென்று அவன் உன்னிடம் சொன்னானாம். நீ உடனே கடற்கரையில் யாரையோ பிடித்து, உயிருள்ள பவளமான முருகைக்கல் ஒன்றைக் கேனில் அடைத்து ரயிலேற்றப் போகிறாயாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே உன் அன்பு கேட்காததைத்தான் கொண்டுவந்து நிற்கும். தயவுசெய்து இதை நிறுத்திவிடு.

பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், இருக்கின்றன. செத்த துண்டைக்கூடக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. பிடிபட்டால் தண்டனை குறைந்தது 3 ஆண்டுச் சிறை. நீ உள்ளே போய்விட்டால் எட்வினின் கேரம் பொய்யாட்டத்தைத் தட்டிக் கேட்க ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கல் இங்கே பிழைக்காது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து அதற்கு ஊட்டுகிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. அதோடு, எலும்புக்கூடு கட்டுவதற்கு நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் இடைவிடாமல் உறிஞ்சுவதால், கால்சியத்தை லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலும் காரத்தன்மையை 8 அல்லது 9 டிகேஎச் (அதன் அலகு) அளவிலும் ஏற்ற இறக்கமின்றி வைத்திருக்க வேண்டும். தீர்ந்ததைச் சொட்டுச் சொட்டாக நாள்தோறும் ஈடுகட்ட வேண்டும். மே மாதத்து மும்பையில் மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் ஓடவிட்டும் பயனில்லை, ஏனெனில் காற்றே ஈரமாக இருக்கும்போது நீர் ஆவியாகிக் குளிர்வதற்கு வழியில்லை. ஆகவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறது, மின்கட்டணத்தைப் பார்த்து உன் மதினி பெருமூச்சு விடுகிறாள். தாதர் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று சொசைட்டி செயலாளர் கேட்கிறார். மாநகரத்துச் சாக்கடை கலக்கும் அந்த நீரைத் தொட்டிக்குள் விடுவதைவிட, ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கலவையைக் கரைப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் சண்முகம், இவை எல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். என் மனம் ஒப்பாததற்குக் காரணம் வேறு. நாம் சிறுவர்களாக இருந்தபோது வள்ளம் வள்ளமாக முருகைக்கல் வந்து இறங்கியதும், அது சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனதும் உனக்கும் நினைவிருக்கும். யாரும் அதை உயிர் என்று எண்ணவில்லை, பிழைப்பு என்றே எண்ணினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அலையைத் தடுத்த பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, போன பிறகு மணலும் போயிற்று: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன, வான்தீவு கரைந்து சுருங்கியதால் அதைச் சுற்றிச் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியதாயிற்று. இதற்கு மேல் 2010லும் 2016லும் கடல் சூடேறி, மிஞ்சியிருந்த பவளமும் பெருமளவு வெளுத்தது. அதில் தப்பிப் பிழைத்த ஒன்றைப் பெயர்த்து, நான் மாலையில் காப்பி குடித்துக்கொண்டு பார்ப்பதற்காக வரவழைப்பதா? இங்கே ஒரு கடைக்காரரும் திரைக்குப் பின்னால் ஒரு துண்டைக் காட்டினார். வேண்டாமென்றதும், பவளம் இல்லாத தொட்டி தாலி இல்லாத கழுத்து என்றார். அவரைப் போன்றவர்களோடு வாதாடிப் பயனில்லை.

அதனால் என் பாறைகள் எல்லாம் சுட்ட பீங்கான் கற்கள். அவற்றில் மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை ஒரு மீனையும் விடவில்லை. இப்போது ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருக்கின்றன. இரண்டும் பண்ணையில் பிறந்தவை, கடலில் இவ்வினம் ஒண்டி வாழும் கடல் தாமரை இல்லாமலே நிம்மதியாக இருக்கின்றன. இந்த இனத்தில் எல்லாமே ஆணாகப் பிறந்து, இருப்பதில் பெரியது பெண்ணாக மாறி ஆட்சி செய்யும் என்று சொன்னதிலிருந்து உன் மதினிக்கு அவற்றின்மேல் தனி மரியாதை. துப்புரவு இறால் ஒன்றும் உண்டு. நீலச் சர்ஜன் மீன் கேட்டு மகன் நச்சரிக்கிறான்; ஓரடி வளரக்கூடிய, நாளெல்லாம் நீந்தித் திரியும் மீனுக்கு நான்கடித் தொட்டி சிறை என்பதால் மறுத்துவிட்டேன்.

ஏதாவது செய்தே தீருவேன் என்று நீ அடம்பிடித்தால் ஒன்று செய். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். உன் மருமகன் அந்தப் பக்கம் போகும்போது, அந்த முறையில் வளர்ந்த குஞ்சுகள் தனியாருக்குக் கிடைக்குமா, ஆக்சிஜன் நிரப்பிய பையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வரட்டும். அதற்கு முன்னால், அந்தக் கேன்காரரிடம் இன்றே வேண்டாமென்று சொல்லிவிடு.

அன்புடன்,
முருகேசன்