டிஸ்கோவுக்கு முன்பே பிறந்துவிட்டது, ஐயா!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எழுபதுகளின் ஆட்ட இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஆட்ட இசையான ஃபங்க், டிஸ்கோவிலிருந்து கிளைத்தது என்றும், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் அதற்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டியதில்லை என்றும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று மாலை வரை வேறு வேலை ஓடவில்லை.

முதலில் தேதி. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' வந்தது 1965. 'கோல்ட் ஸ்வெட்' 1967. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 'தி மீட்டர்ஸ்' குழு 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' வாசித்தது 1969. டிஸ்கோ என்று பெயர் சொல்லி அமெரிக்க வானொலிகளில் பாட்டு ஓடத் தொடங்கியதோ எழுபதுகளின் நடுவில். பேரன் தாத்தாவைப் பெற்ற கதையாக இருக்கிறது உங்கள் கட்டுரை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய இதழ்களில் நீங்களே ஜாஸ் பற்றி எழுதியதைப் படித்தவன் நான். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது, அந்தத் 'திறமை வேண்டியதில்லை'. இதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நான் கல்யாணக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன். ஓய்வு நேரத்தில் நானும் எங்கள் டிரம்ஸ்காரரும் ஜேம்ஸ் பிரவுன் கேசட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வாசித்துப் பார்ப்போம். முதல் எட்டு அளவு (நான்கு அடி சேர்ந்தது ஓர் அளவு) சுகமாகப் போகும். அதற்கப்புறம் கை சும்மா இருக்காது. ஒரு சங்கதி சேர்க்கலாமா, இங்கே ஒரு உருட்டு கொடுக்கலாமா என்று அரிக்கும். சேர்த்த நொடியே பாட்டு செத்துவிடும். பத்து நிமிடம் ஒரே இரண்டு அளவை, விரல் அழுத்தம்கூட மாறாமல், அவசரப்படாமல், தூங்காமல் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளரை. பிறகு திறமை பற்றிப் பேசுவோம்.

ஃபங்கில் பாடகர் பின்னால் மற்றவர்கள் ஒத்து ஊதுவதில்லை. எல்லா வாத்தியமும் அங்கே டிரம்ஸ்தான். பிரவுன் குழுவின் ஜிம்மி நோலன் கிட்டார் தந்தியை முழுதாக அழுத்தாமல் 'சிக்சிக்' என்று கீறுவார். டிரம்பெட் போன்ற பிராஸ் வாத்தியங்கள் நீட்டி ஊதாமல் குத்திவிட்டு விலகிவிடும். பேஸ் ஒரு துண்டு சொல்லும், மிச்சத்தை வேறொருவர் சொல்லட்டும் என்று இடம் விடும். சுருதிக் கோவைகள் (கார்டுகள்) ஒன்றோ இரண்டோதான், சில சமயம் பாட்டு முழுக்க மாறவே மாறாது. அதுவரை அந்த வகைப் பாட்டுகளில் இரண்டாம், நான்காம் அடிகளில் இருந்த கனத்தை முதல் அடிக்குக் கொண்டுவந்தவர் பிரவுன். முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். அப்புறம் அடுத்த முதல் அடி வரும்வரை அவரவர் வழியில் ஊடாடலாம். 'கோல்ட் ஸ்வெட்'டை அமைத்துக் கொடுத்த, பிரவுன் குழுவின் சாக்ஸபோன்காரர் பீ வீ எல்லிஸ் அதன் பிராஸ் துண்டுக்கு ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'டிலிருந்து பொறி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். திறமை வேண்டாத இசைக்கு மைல்ஸ் டேவிஸ் எதற்கு?

கட்டுரையில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரின் பெயரே வரவில்லை. அங்கே சவ ஊர்வலத்திலும் தெரு ஊர்வலத்திலும் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஜனங்கள் ஆடிக்கொண்டு வருவார்கள். 'செகண்ட் லைன்' என்பார்கள். பெரிய டிரம் ஒருவர் தோளில், ஸ்நேர் என்ற சின்ன டிரம் இன்னொருவர் கழுத்தில். அந்த இரண்டு பேரின் வாசிப்பையும் உட்கார்ந்த இடத்தில் ஒரே ஆள் வாசிக்க ஆரம்பித்ததில் இந்த நடையின் பாதி வேர் இருக்கிறது. அந்த ஊர்ப் பியானோ கலைஞர் புரொபசர் லாங்ஹேர் பியானோவில் அதையும் கியூபாவின் ரும்பாவையும் குழைத்துக் காட்டினார். இதையெல்லாம் விட்டுவிட்டு, ஆடை அலங்காரத்துக்கு ஒன்றரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். முன்பு ஒருமுறை நட்சத்திரக் கண்ணாடி போட்ட பூட்ஸி காலின்ஸ் படத்தைப் போட்டு 'ராக் பாடகர்' என்று குறிப்பு எழுதியதும் இதே இதழ்தான். அவர் பேஸ் கிட்டார் கலைஞர். 1970இல் சம்பளத் தகராறில் பிரவுனின் பழைய குழு முரண்டுபிடித்தபோது, சின்சினாட்டியிலிருந்து அண்ணனோடு போய் மேடையேறியவர். அப்போது வயது 18.

அப்புறம் இன்னொரு பேஸ் கிட்டார்காரர், லாரி கிரஹாம். அவருடைய அம்மா பியானோ வாசித்துப் பாடுவார், மகன் துணைக்கு வாசிப்பார். டிரம்ஸ்காரர் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, கட்டைவிரலால் தந்தியைத் தட்டிப் பெரிய டிரம்மையும், இன்னொரு விரலால் சுண்டி ஸ்நேரையும் பேஸிலேயே கொண்டுவந்தார். பின்னால் 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' குழுவில் அவர் வாசித்த பிறகு உலகமே அதைக் கற்றுக்கொண்டது. இன்று எந்த ஊர் ஸ்டூடியோவில் எந்தப் பையன் தந்தியைத் தட்டினாலும் அந்த அம்மாவின் கச்சேரிக்குக் கடன்பட்டவன்தான்.

எனக்கு ஆறாதது இதுதான். கட்டுரை முழுக்கப் பாடகர்கள் பெயர்தான் இருக்கிறது. பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பாட்டின் பெயரிலேயே டிரம்மர் இருக்கிறார், உங்கள் கட்டுரையில் அவர் இல்லை! அவர் பெயர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. டென்னசியில் சட்டனூகா ஊர்க்காரர். தொழிற்சாலைப் புகைபோக்கிச் சத்தத்திலும் ரயில் ஓசையிலும் தாளம் பிடித்து வளர்ந்தவர். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான அந்தப் பாட்டில், மற்ற எல்லோரும் நிறுத்த, அவர் மட்டும் வாசிக்கிற இடம் ஏறக்குறைய இருபது விநாடி. அதற்கு முன் பிரவுன் அவரிடம், தனி எல்லாம் வேண்டாம், இருப்பதை அப்படியே வைத்திரு என்கிற மாதிரி சொல்வதைக் கேட்கலாம். உங்கள் கட்டுரையாளர் இளக்காரம் செய்த அந்தத் 'திரும்பத் திரும்ப' என்ன என்று அங்கே காது கொடுத்துக் கேட்டால் புரியும். ஸ்நேரில் காதுக்கு எட்டியும் எட்டாத சின்னத் தட்டல்கள், இடது கையில் நூல் கோத்த மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த இருபது விநாடியை வெட்டி ஒட்டி நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாட்டுகள் வந்தன. 'பப்ளிக் எனிமி' குழுவின் 'ஃபைட் தி பவர்' உட்பட. பாட்டுக்கு உரிமையாளராகப் பதிவானது பிரவுனின் பெயர் மட்டும். வாசித்தவருக்கு வாசித்த அன்றைய கூலி. பின்னாளில் அவருடைய மருத்துவச் செலவில் பெருந்தொகையைக் கொடுத்தவர் பாடகர் பிரின்ஸ். ஸ்டபிள்ஃபீல்டு 2017இல் காலமானார். உங்கள் இதழில் அன்று ஒரு வரி வந்ததா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

வெளிநாட்டு விஷயத்தில்தான் இப்படி என்றால் பொறுத்துக்கொள்வேன். மார்கழியில் உங்கள் கச்சேரி விமர்சனங்களைப் பார்க்கிறேன். பாடகியின் பட்டுப்புடவைக்கு இரண்டு வரி. மிருதங்கக்காரர் 'பக்கபலமாக' வாசித்திருப்பார், அவ்வளவுதான். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டத்தோடு உங்கள் விமர்சகரும் போய்விடுகிறாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். எங்கள் மெல்லிசைக் குழு நோட்டீஸ்களிலும் பாடகர்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நாங்கள் 'மற்றும் குழுவினர்'. பொன்னாடை முன்வரிசையோடு தீர்ந்துவிடும். சாப்பாட்டுப் பந்தியிலும் அப்படித்தான். பழகிவிட்டது. ஆனால் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நடத்தும் பத்திரிகை கல்யாண மண்டபம் மாதிரி நடந்துகொள்ள வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழின் திருத்தம் பகுதியில் இரண்டே வரி போடுங்கள். ஃபங்க் அறுபதுகளில் பிறந்தது, டிஸ்கோவுக்கு மூத்தது என்று ஒன்று. 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்று இன்னொன்று. கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை.

சென்ற ஆண்டு நான் எழுதிய நீண்ட கடிதத்தில், இதழை விரும்பிப் படிக்கிறேன் என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள். இதையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். சரி, சுருக்குங்கள். கல்யாணக் கச்சேரியை வெட்டுங்கள், மார்கழியை வெட்டுங்கள், பொன்னாடையை வெட்டுங்கள். ஸ்டபிள்ஃபீல்டு, எல்லிஸ், நோலன், கிரஹாம் என்ற பெயர்களை மட்டும் தயவுசெய்து எழுத்துப் பிழை இல்லாமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேஸ் கிட்டார்காரன்,
திருச்சி.